ஜன்னலோரக் கட்டில்

அத்தியாயம் ஐந்து

"திருடன் படிச்சவன்," என்றார் கிருஷ்ணப்பன்.

"அப்ப எங்க அண்ணனைச் சந்தேகப்பட வேண்டாம் சார். எஸ்.எஸ்.எல்.சி.யோட மூணு தடவை மல்லுக்கட்டித் தோத்துட்டு இப்ப மாங்காய் வியாபாரம் பார்க்கறான்," என்றாள் காவேரி.

பாப்பாரப்பட்டிப் பள்ளிவாசலை ஒட்டிய சின்ன அறை அது. பகலில் ஜமாத் ஆபீஸ், சாயங்காலம் பிள்ளைகள் ஓதுகிற இடம். சுவரோரம் ஒரு மர பீரோ. அதன் சாவி பூட்டுக்கு ஒரு சாண் மேலேயே ஆணியில் தொங்கியது. மேஜையில் ஐந்து நிக்காஹ் பதிவேடுகள். நாலு மூடிக் கிடந்தன. ஐந்தாவதில் ஒரு பக்கத்தை யாரோ பிளேடு வைத்து, தையலோடு ஒட்டி, அலுங்காமல் எடுத்திருந்தார்கள்.

கிருஷ்ணப்பனைப் பற்றிச் சொல்லிவிடுவோம். ஸ்பெஷல் பிராஞ்ச்சில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தர்மபுரி ஜில்லாவில் பாஸ்போர்ட் கேட்ட ஆளை எல்லாம் வீடு தேடிப் போய் விசாரித்தவர். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க முடியாமல், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்தார். அதே மாடியில் காவேரியின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். வாடகை மிச்சம் பிடிக்க இருவருக்கும் ஒரே போர்டு. 'தட்டச்சு, சுருக்கெழுத்து, துப்பறிதல்' என்று எழுதியிருக்கும். கீழே இருக்கிற டீக்கடைக்காரர் அதைப் பார்த்துச் சிரிக்காத நாள் கிடையாது. காவேரி மெஷினில் கையும் ஊர்வம்பில் வாயுமாக இருப்பவள். அவருக்கு உதவியாளர் என்று யாரும் அவளை நியமிக்கவில்லை. அவளாகத்தான் வந்து ஒட்டிக்கொண்டாள்.

வழக்கு அமீனாவுடையது. அவள் புருஷன் நூர் பாஷா சவூதியில் தமாமில் ஏ.சி. மெக்கானிக். போய் ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு தடவை லீவில் வந்தான், தடவைக்கு நாற்பத்தைந்து நாள். "ஆறு வருஷத்துல தொண்ணூறு நாள்ங்க சார். எம் பையன் அவங்கப்பாவைப் போட்டோவுலதான் அடையாளம் சொல்லுவான்," என்று போன வாரம் மாடிப்படி ஏறி வந்து சொன்னாள். இப்போதுதான் நூர் பாஷாவின் முதலாளி, குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள ஒப்புதல் கொடுத்திருந்தார். ஃபேமிலி விசாவுக்கு நிக்காஹ் சான்று வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் அது தமாம் போய்ச் சேராவிட்டால் ஒப்புதல் செல்லாது. கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறார், அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். இன்றைக்குச் செவ்வாய்.

நிக்காஹ் எழுதும்போது மூன்று பிரதி. ஒன்று பள்ளிவாசல் பதிவேட்டில், ஒன்று பெண்ணிடம், ஒன்று மாப்பிள்ளை வீட்டில். மூன்றும் காணோம். அமீனாவின் பெட்டியிலிருந்தது போச்சு. மாமியார் ஜான் பீயின் தகர டப்பாவிலிருந்தது போச்சு. இங்கேயும் போச்சு.

"கரையானா இருந்தா மூணு வூட்டுக்கு ஒரே நாள்ல டூட்டி போட மாட்டான்," என்று காவேரி அன்றைக்கே சொல்லியிருந்தாள். இருவரும் முதலில் சந்தேகப்பட்டது ஜான் பீயைத்தான். மருமகளும் பேரப்பிள்ளைகளும் பறந்துவிட்டால் தனியாகக் கிடக்க வேண்டியவள் அவள்தானே.

"ஜான் பீ இல்லை," என்றார் கிருஷ்ணப்பன் இப்போது. வேர்க்கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, தோலைச் சட்டைப் பையில் போட்டார். "அஞ்சு பதிவேடு. எதுலயும் பேர் வரிசை கிடையாது. வந்த ஆளு ஒவ்வொண்ணா படிச்சுப் பார்த்து, சரியான பக்கத்தை மட்டும் எடுத்திருக்கான். அந்தம்மாவுக்குக் கையெழுத்தே கட்டை விரல்."

முத்தவல்லி ஹயாத் பாஷா தலையாட்டினார். இரும்புக்கடை வைத்திருப்பவர், அறுபது தாண்டியவர், ஜமாத் பொறுப்பைப் பதினைந்து வருஷமாகச் சுமப்பவர். ஏனோ அன்று காலையிலிருந்தே அவர் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை.

காவேரி அந்தப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். வெட்டுப்பட்ட இடத்துக்கு முந்தின பக்கத்தைப் பார்த்தாள். ஜனவரி எழுபத்தெட்டு. அடுத்த பக்கம் ஏப்ரல் எழுபத்தெட்டு.

அவள் விரல்களுக்குத் தனி ஞாபகம் உண்டு. ஒரு தடவை அடித்த தேதி அதில் தங்கிவிடும். அமீனாவின் பாஸ்போர்ட் படிவத்தை அடித்தவள் அவள்தான். குழந்தைகள் என்ற இடத்தில், மகள் வஹிதா, பிறந்தது ஜூன் எழுபத்தைந்து. மகன் சலாவுதீன், பிறந்தது எழுபத்தொன்பது. சலாவுதீன் சரி. வஹிதா?

"பாய், இந்த நிக்காஹ் நடக்கறப்ப வஹிதாவுக்கு மூணு வயசு ஆவப்போவுதே," என்றாள்.

ஹயாத் பாஷா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அது அமீனா பெத்த புள்ள இல்லம்மா. அவ அக்கா புள்ள. புள்ளையப் பெத்துப் போட்டுட்டு அன்னிக்கே அவ மவுத்தாயிட்டா. அப்பன்காரன் பெங்களூர் போனவன், அங்கயே வேற நிக்காஹ் பண்ணிக்கிட்டான். அமீனாதான் தூக்கி வளத்தா. அந்தப் புள்ளையோட வந்தாத்தான் வருவேன்னு சொன்னதுக்கு எந்த மாப்பிள்ளையும் நிக்கல. நூர் ஒருத்தன்தான் சரின்னான். ஸ்கூல்ல சேக்கறப்ப அப்பன் பேருக்கு அவன் பேரையே குடுத்தான்." அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இந்த ஊர்ல பெரியவங்க எல்லாருக்கும் தெரியும். அந்தப் புள்ளைக்கு மட்டும் தெரியாது. தெரிய விட மாட்டோம்னு இதே ரூமுல ஒக்காந்து எல்லாரும் பேசி வெச்சோம். பதினோரு வயசாச்சு, ஒரு நாக்கு இன்னும் தவறலைங்க."

காவேரிக்கு ஊரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஊர்வாய் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும், அவளே அதில் ஒரு வாய். ஓர் ஊரே சேர்ந்து ஒரு குழந்தைக்காக வாயைக் கட்டி வைத்திருந்தது என்றதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கீழே குனிந்தாள். பீரோவுக்கு அடியில் பென்சில் சீவல்கள் சுருள் சுருளாகக் கிடந்தன.

வெளியே சந்தைக்கு வந்த கூட்டம். இருவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கிருஷ்ணப்பன் இரண்டு வாய் டீ குடித்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்.

"கேஸ் முடிஞ்சுது. அமீனாவேதான்."

"டீ சூடா இருக்குன்னு அவசரப்படாதீங்க சார்."

"யோசிச்சுப் பாரு. அங்க விசா ஆபீஸ்ல பெத்த புள்ளைக்குத்தான் இடம். நிக்காஹ் எழுபத்தெட்டு, பொண்ணு எழுபத்தஞ்சுன்னா, இது யாரு புள்ளன்னு கேப்பான். மூணு பிரதியையும் தொலைச்சுட்டா? ஜமாத்துல இரக்கப்பட்டு, எழுபத்திநாலுன்னு தேதி போட்டுப் புதுசா ஒண்ணு குடுத்துடுவாங்கன்னு நினைச்சிருப்பா. துப்பறியறவனை வெச்சுத் தேடியும் கிடைக்கலன்னா நிஜமாவே தொலைஞ்சுதுன்னு ஆயிடும் பாரு. அதுக்குத்தான் நாம. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல எத்தனை பார்த்திருக்கேன். கம்ப்ளெயின்ட் குடுத்தவனே கள்ளன்."

"அவளுக்கும் படிக்கத் தெரியாதே."

"தெரியாதுன்னு அவ சொல்றா. யாரு சோதிச்சது?"

அமீனாவின் வீடு சந்தைத் தெருவுக்குப் பின்னால், ஓடு போட்ட இரண்டு அறை. வாசலிலேயே புது சூட்கேஸ் ஒன்று, தூசு படாமலிருக்கப் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு நின்றது. அமீனா முப்பது வயசுக்காரி, ஒல்லி. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பாயை விரித்தாள்.

"கெடைச்சுதாங்களா சார்?"

கிருஷ்ணப்பன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். வரும் வழியில் அவரே பெரிய எழுத்தில் எழுதியது. அமீனா அதை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிப் பார்த்தாள். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த காவேரி, 'ஐயோ' என்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு குதித்தாள்.

தாளில் எழுதியிருந்தது: உங்கள் காலடியில் தேள்.

அமீனா அசையவில்லை. "இதுல கைநாட்டு எங்க வெக்கணும் சார்?" என்று கேட்டாள்.

கிருஷ்ணப்பன் தாளை வாங்கி நாலாக மடித்தார். அவர் முகம் தொங்கிப்போனது. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் ஒரு தேளில் அடிபட்டுப்போனதில் காவேரிக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

"சரி அமீனா, உங்க வூட்டுக்காரரு கடைசியா எழுதின லெட்டர் எங்க?" என்று கேட்டாள்.

"இருக்குதுக்கா. ஆனா அது எதுக்கு? எனக்கு மனப்பாடம். எல்லா லெட்டரும் மனப்பாடம். வஹிதா படிப்பா, நான் மூணு தரம் கேப்பேன், அவ்வளவுதான், மறக்காது." அமீனா பெட்டியைத் திறந்து உறையை எடுத்துக் கொடுத்தாள். "பதில் எழுதறதும் அவதான். மூணாங்கிளாஸ்ல இருந்து எழுதறா. அதுக்கு முந்தி ஒவ்வொரு லெட்டருக்கும் யாரு வூட்டு வாசல்ல போய் நிக்கறதுன்னு இருக்கும். புருஷன் எழுதினதை அடுத்தவங்க படிச்சு கேக்கறதுக்குக் கூச்சமா இருக்குமில்ல. வீடு பூராத் தேடினதும் அவதான் பாவம், எங்கூட. பரண், அரிசிக் குதிரு, ஒண்ணு விடல. அந்தப் பலகை ஒண்ணைத்தான் தொடல, அங்க யாரு வெக்கப் போறாங்க?"

சுவரில் உயரமாக ஒரு பலகை. பச்சைத் துணியில் சுற்றிய குர்ஆன். பக்கத்தில் பிள்ளைகளின் ஓதும் கிதாபுகள், நூர் பாஷா அனுப்பிய சாமான்களைச் சுற்றி வந்த அரபிச் செய்தித்தாளில் அட்டை போட்டவை.

"சொல்லுங்க, மனப்பாடம்னீங்களே. நான் பாத்துக்கிட்டே வர்றேன்," என்றாள் காவேரி, கடிதத்தைப் பிரித்துக்கொண்டு.

அமீனா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். அன்புள்ள அமீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான் நலம். காவேரியின் விரல் வரிகளின் மேல் கூடவே போனது. ஒரு சொல் பிசகவில்லை. முதலாளி ஒப்புதல் கொடுத்தது, நிக்காஹ் சான்றை உடனே அனுப்பச் சொன்னது, அம்மாவின் முட்டி வலிக்குத் தைலம் வாங்கி வைத்திருப்பது. சலாவுதீனைக் கிணற்றுப் பக்கம் விடாதே. பக்கம் திரும்பியது.

"வஹிதாவுக்குன்னு தனியா ஒரு கட்டில் வாங்கி, ஜன்னல் ஓரமா போட்டு வெச்சிருக்கேன். அதுல படுத்துக்கிட்டே பார்த்தா கடல் தெரியும்," என்றாள் அமீனா. இதைச் சொல்லும்போது கண்ணைத் திறந்து சிரித்தாள். "இந்த எடம் வந்தா நானே இன்னொரு தரம் படிக்கச் சொல்லுவேன்க்கா."

காவேரியின் விரல் நின்றது. தாளில் கட்டில் இல்லை. ஜன்னலும் இல்லை, கடலும் இல்லை. அந்த இடத்தில் நூர் பாஷாவின் கோணல் கையெழுத்தில் இப்படி இருந்தது:

'இந்தக் கவருக்குள் ஒரு தாளைத் தனியாக மடித்துப் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். அதை வஹிதா கையில் கொடுத்துவிடாதே. அவள் பள்ளிக்கூடம் போனபிறகு ஹயாத் பாஷா மாமாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேள்.'

காவேரி அதை இன்னொரு முறை படித்தாள். படிக்கத் தெரியாத பெண்டாட்டிக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும், மகளுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டும். பாவி மனுஷன் எல்லாம் யோசித்திருக்கிறான், பசை கூடப் போட்டிருக்கிறான். ஆனால் இந்த வரியை அந்த வீட்டில் யார் படிப்பார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்து எழுதும்போது, பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதாகத்தான் அவனுக்குத் தோன்றியிருக்கும்.

"ஏங்க்கா, நான் எதுனா விட்டுட்டனா?" என்றாள் அமீனா.

"இல்லம்மா. நீங்க எதையும் விடல."

கடிதத்தைக் கிருஷ்ணப்பனிடம் நீட்டினாள். அவர் படித்தார். பிறகு காவேரியைப் பார்த்தார். ஒரு கிண்டல் வரும் என்று எதிர்பார்த்திருப்பார். அவளுக்கு வரவில்லை. சாயங்காலம் பிள்ளைகள் ஓதுகிற அந்த அறையும், பீரோவுக்கு அடியில் பிளேடால் சீவிப் போட்ட பென்சில் சீவலும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

நாலரைக்கு வஹிதா வந்தாள். இரட்டைப் பின்னல், நீலப் பாவாடை, வயசுக்கு மீறிய உயரம். தம்பியைத் தெருவில் விளையாட விட்டுவிட்டு உள்ளே வந்தவள், காவேரியின் மடியில் இருந்த உறையைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றாள். திருடர்கள் எத்தனையோ விதமாக முழிப்பதைக் கிருஷ்ணப்பன் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். இந்தப் பெண் முழிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் போகிற பிள்ளை கையை நீட்டுமே, அப்படி வந்து நின்றாள்.

காவேரி அவளைப் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"உன் ஓதுற கிதாபை எடுத்துட்டு வர்றியா கண்ணு? நான் தொடக் கூடாது, நீயே எடு."

வஹிதா குழாயில் கை கால் முகம் கழுவினாள். உள்ளே போய்ப் பலகையிலிருந்து கிதாபை எடுத்துவந்தாள். அரபி அட்டையைக் கழற்றினாள். உள்ளே நாலு தாள். மூன்று நிக்காஹ் பிரதி, நூர் பாஷா ஒட்டி அனுப்பிய தாள் ஒன்று. ஒன்றிலும் மடிப்புக் கலையவில்லை.

"கிழிச்சுப் போட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே. ஏன் வெச்சிருந்த?"

"அது எங்கம்மா நிக்காஹ் பேப்பருங்க. கிழிக்கக் கூடாதுங்களே." அவள் தாள்களின் ஓரத்தை விரலால் நீவிவிட்டாள். "மாசக் கடைசி போனதும் இருந்த எடத்துலயே வெச்சுடலாம்னு இருந்தங்க்கா. சத்தியமா."

"இந்தத் தாளைப் படிச்சியா?"

"ம்."

காவேரி வாங்கிப் படித்தாள். ஹயாத் மாமாவுக்கு நூர் எழுதிக்கொண்டது. அமீனாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பெற்ற பிள்ளைக்கு மட்டும்தான் விசா என்கிறார்கள். மூன்று தடவை போய்க் கெஞ்சினேன். வஹிதா பெற்ற பிள்ளையா என்று நேராகக் கேட்டார்கள், பொய் சொல்ல நாக்கு வரவில்லை. இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். போட்டுவிட்டேன் மாமா. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதைக்கு அவள் என் அம்மாவிடம் இருக்கட்டும். ஏதாவது வழி கிடைத்தால் கூட்டிக்கொள்வேன். இதெல்லாம் அவளுக்குத் தெரியவே கூடாது.

"நான் அம்மா வயித்துல பொறக்கலையாம்," என்றாள் வஹிதா. அழவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரல். "படிச்சுட்டு இருக்கறப்பவே தெரிஞ்சுதுங்க. அம்மா முன்னாடி ஒக்காந்து கேட்டுட்டு இருந்தாங்க. ஏண்டி நிறுத்திட்டன்னாங்க. அதான் கட்டில்னு சொன்னேன்."

கெட்டிக்காரப் பெண். தலையில் இடி விழுந்த அந்த நிமிஷத்திலும் அம்மா சந்தேகப்படக் கூடாது என்று ஒரு வரி கண்டுபிடித்திருக்கிறாள். அந்த வரியில் தனக்கென்று ஒரு கட்டில் போட்டுக்கொண்டிருக்கிறாள். காவேரி தன் முந்தானையால் அந்தக் குழந்தையின் முகத்தில் ஒட்டியிருந்த தண்ணீரைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் காவேரியின் கண்ணிலிருந்துதான் வழிந்தது. படிவத்தில் 'மகள்' என்று அடித்தபோது மெஷின் எவ்வளவு சுலபமாக அடித்தது!

உள்ளே போனதும் கிருஷ்ணப்பன் பள்ளிவாசல் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். "பக்கம் கிடைச்சுது, எடுத்த ஆளு தெரியலன்னு முத்தவல்லிகிட்டச் சொல்லிடறேன்," என்று முணுமுணுத்தார்.

அமீனா நாலாவது தாளைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது என்பது, பாயிலிருந்து எழ முயன்று மறுபடி உட்கார்ந்துவிட்டதில் தெரிந்தது.

"அது உங்கப்பா லெட்டராடி?"

"ஆமாம்மா."

"படி."

"நான் படிக்கறேன் அமீனா," என்றாள் காவேரி.

"வேணாங்க்கா. எனக்கு இவ படிச்சாத்தான் புரியும்."

வஹிதா படித்தாள். இந்தத் தடவை எதையும் விடவில்லை, எதையும் சேர்க்கவில்லை. 'இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்' என்ற இடத்தில் மட்டும் விரலை வரியின்மேல் வைத்துக்கொண்டாள். பிறகு மேலே படித்தாள். முடிந்ததும் தாளை மடித்தாள். அமீனா அவளை இழுத்துத் தன் மடிமேல் போட்டுக்கொண்டு, வாயில் முக்காட்டை அடைத்துக்கொண்டு அழுதாள். தெருவில் சலாவுதீன் யாரோடோ பம்பரத்துக்குச் சண்டை போடும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கிருஷ்ணப்பன் மெல்லச் சொன்னார். "என் கடமைக்குச் சொல்றேம்மா. வெள்ளிக்கிழமை ஆள் போவுது. சான்று இப்ப கையில இருக்கு. நீங்களும் பையனும் போகலாம். உங்க மாமியார் வஹிதாவை நல்லாத்தான் பார்த்துப்பாங்க."

அமீனா வாசலில் நின்ற சூட்கேஸைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஆறு வருஷத்துக்குத் தொண்ணூறு நாள். அவளும் மனுஷிதானே, அவளுக்கு ஆசை இல்லாமல் இருக்குமா? இந்த முதலாளி இன்னொரு தரம் ஒப்புதல் தர மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். புருஷனுக்கு ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு வருஷம் இருப்பதும் தெரியும்.

"பேனா எடுடி," என்றாள் மகளிடம். "எழுது. சான்று கெடைச்சுடுச்சு. ஆனா அனுப்பல. மூணு பேருக்கும் குடுத்தா வர்றோம். ரெண்டு பேருக்குன்னா யாரும் வரல. நீங்க லீவு கெடைக்கறப்ப வாங்க. நாங்க இருக்கோம்."

வஹிதா தரையில் தாளை வைத்துக் குனிந்து எழுதினாள். நாலு வரிதான். எழுதி முடித்து அவசரமாக மடிக்கப் போனாள்.

"அக்கா, சரியா எழுதியிருக்காளான்னு பாத்துடுங்க," என்றாள் அமீனா.

காவேரி வாங்கிப் பார்த்தாள்.

'அப்பாவுக்கு, சான்று கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை அனுப்புகிறோம். அம்மாவும் தம்பியும் வருகிறார்கள். நான் ஜான் பீ தாதியிடம் இருந்துகொள்கிறேன். எனக்குக் கட்டில் வேண்டாம்.'

தலை நிமிர்ந்தாள். வஹிதா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'படிக்காதீங்க' என்று அந்தக் கண் கெஞ்சியது. 'சரியா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தத் தாள் உறைக்குள் போய்விடும், சான்றும் கூடவே போய்விடும், ஒரு பெண்டாட்டி புருஷனிடம் சேர்ந்துவிடுவாள். பதினோரு வயசுப் பெண் போட்ட கணக்கு அது, தப்பே இல்லாத கணக்கு. கிருஷ்ணப்பன் கடலையை உடைப்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

இந்த வீட்டில் ஒரு கடிதம் மாற்றிப் படிக்கப்பட்டது போதும் என்று காவேரிக்குத் தோன்றியது. வாய்விட்டு, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தாள்.

அமீனா கோபித்துக்கொள்ளவில்லை. கையை நீட்டித் தாளை வாங்கினாள். "எந்த எடத்துலக்கா, தாதிகிட்ட இருக்கேன்னு போட்டிருக்கா?" காவேரி விரலால் காட்டினாள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கை பேனாவைக் கரண்டி பிடிப்பது போலப் பிடித்து, அந்த வரியை அடித்தது. மேலே இருந்ததையும் அடித்தது, கீழே இருந்ததையும் அடித்தது. தாள் கிழிந்து தரையில் மை பட்ட பிறகுதான் நின்றது.

"அம்மா, நீங்க போங்கம்மா," என்றாள் வஹிதா. அப்போதுதான், அத்தனை நேரம் கழித்து, அவளுக்கு அழுகை வந்தது. "நான் இருந்துப்பேம்மா. நெசமா இருந்துப்பேன்."

"நீ இருந்துப்ப. நான் எப்படிடி அங்க இருப்பேன்?"

ஒரு கையால் மகளை அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் பேனாவைக் காவேரியிடம் கொடுத்தாள். காவேரி புதுத் தாளில் முதலில் சொன்னதை எல்லாம் எழுதினாள். மூணு பேருக்குக் குடுத்தா வர்றோம். நீங்க லீவுக்கு வாங்க. நாங்க இருக்கோம்.

"அக்கா," என்றாள் அமீனா. "அந்தக் கட்டில்... அவரு எழுதவே இல்லதானே?"

"இல்லம்மா."

அமீனா தலையை ஆட்டிக்கொண்டாள். முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தாள்.

"அப்ப இதையும் சேத்துக்குங்க. அடுத்த லெட்டர்ல, வஹிதாவுக்குன்னு ஜன்னல் ஓரமா ஒரு கட்டில் போட்டு வெச்சிருக்கேன்னு அவரு கையால எழுதி அனுப்பச் சொல்லுங்க. விசா கெடைக்குதோ இல்லையோ, எழுதி அனுப்பச் சொல்லுங்க. எம் பொண்ணு படிப்பா, நான் கேக்கணும்."

காவேரி அதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எழுதினாள்.